அம்பு உட்காரும் பக்கம்

பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் வில்லில் அம்பைத் தாங்கும் திட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவன் இடக்கையால் நாணை இழுக்கிறான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. நான் என் வலக்கை ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பத்து வயது. மோகனூரில் எங்கள் சோளக்காட்டில் இறங்கும் மயில்களை விரட்ட அப்பா எனக்கு மரவில் செய்து தந்தார். கைப்பிடியை நடுவுக்குச் சற்றுக் கீழே வைத்து, அதன் மேலே அம்பு உட்காரப் பள்ளம் வெட்டினார். நான் இடக்கைக்காரி என்று தெரிந்தேதான் இடப்பக்கம் மட்டும் வெட்டினார். இடக்கையால் இழுத்தால் அம்பு வலப்பக்கம் வரும். அங்கே பள்ளம் இல்லாததால் வில்லைப் பிடித்த வலக்கை விரல்மேல்தான் வைக்க வேண்டும். அம்பை விட்டதும் இறகின் காம்பு தோலைக் கிழித்துக்கொண்டு போகும்.

"அந்தப் பக்கமும் வெட்டிக் குடுங்கப்பா" என்று அழுதேன்.

"சோத்தாங்கையில இழு சாமி, வலிக்காது. பீச்சாங்கையில இழுத்தா அம்பே புத்தி சொல்லும்" என்று சிரித்தார்.

அறுவடைக்குள் கை மாறிவிட்டது.

அப்பாவின் கடைசிக் காலத்தில் வாதம் வந்து அவருடைய வலக்கை விழுந்தது. பார்த்துக்கொண்டவள் நான்தான். முதல் நாள் சோற்றுக்கு இடக்கையை நீட்டினார். சோற்று வட்டலை அந்தக் கைக்கு எட்டாதபடி வலப்பக்கம் தள்ளிவைத்தேன்.

"சோத்தாங்கையில சாப்புடுங்க சாமி" என்றேன்.

விரலில் என்ன தழும்பு என்று பேரன் கேட்கிறான். வில்லைப் பற்றிச் சொன்னேன். வட்டலைப் பற்றிச் சொல்லவில்லை.