மூடிய பெட்டி

சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டிக் கை சோர்ந்து கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்தால், ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. வடக்குச் சண்டையில் இறந்த சிங்களச் சிப்பாயின் சவப்பெட்டி வந்திருக்கிறது. திறக்கக்கூடாதாம், தாய்கூட முகம் பார்க்கவில்லை.

நான் தங்கும் லொட்ஜ்காரர் செத்தவீட்டுக்கு என்னையும் இழுத்துப் போகிறார். "போகாட்டி அயல் குறை சொல்லும். நீங்கள் வாயைத் திறவாதேங்கோ அண்ணை."

என் சிங்களம் கடையில் பாண் வாங்க மட்டுமே காணும் என்பதால் மௌனம் சுலபம்.

தாய் என் ஊரைக் கேட்கிறாள். லொட்ஜ்காரர் முந்திக்கொண்டு "மாத்தளை" என்று பொய் சொல்வதற்குள் என் வாய் "யாழ்ப்பாணம்" என்றுவிடுகிறது. பெட்டியருகே நின்ற சீருடைகள் என் பக்கம் திரும்புகின்றன.

அவள் என் கையைப் பிடித்து ஏதோ கேட்கிறாள். லொட்ஜ்காரர் தமிழில் சொல்கிறார்.

"மகனும் அங்கைதான் இருந்தவனாம். குடிக்கத் தண்ணி நல்லதோ எண்டு கேக்கிறா."

எங்கள் கிணறு வெறும் உப்பு.

"நல்ல தண்ணி எண்டு சொல்லுங்கோ."