வேன் அக்காவின் இருபது நிமிஷம்

கடைசி இருக்கைவரை எட்டிப்பார்த்துத் தலைகளை எண்ணுகிறார் வேன் அக்கா. "பதினாறு, பதினேழு... ஏய், குனியாத! உன்ன ரெண்டு தடவ எண்ண வைக்கிற." பதினெட்டு சரியாக வந்த பிறகுதான் கதவைச் சாத்துவார். பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். கண்ணாடி துடைக்க ஒரு துணி, கை துடைக்க ஒரு துணி. மாற்றி எடுத்துவிட்டால் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும்.

அதே பள்ளியில் பாடம் நடத்தும் நான் தினமும் அவர் பக்கத்து இருக்கையில் வருகிறேன். அவரைக் கட்டிக்கொடுத்தது பிறந்த வீட்டுக்கு அடுத்த தெருவில். "எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னா செருப்புகூட மாட்ட வேண்டாம் டீச்சர். எல்லாரும் ஊருக்குப் போறேன், ஊருக்குப் போறேன்னு கிளம்புறாங்க. எனக்குக் கிளம்ப ஒரு ஊர் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

கூடப் படித்தவர்கள் கல்யாணமாகித் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். யார் தாய்வீடு வந்தாலும் ரயிலடியிலிருந்து கூட்டிவருவது இவர்தான். வந்தவர்களில் பாதிப்பேர் வண்டியில் ஏறியதுமே, மாமியாரின் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று போனில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருத்தி மட்டும் ஒன்பது வருடமாக வரவே இல்லை. பட்டப்பெயர் வாயாடி. இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே குடை. பேசிப் பேசியே வகுப்புக்கு வெளியே நின்ற ஜோடி. புகுந்த வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார், அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். "வரேன்டி, வரேன்டி" என்று போன் மட்டும் வந்துகொண்டிருந்தது.

போன வாரம் வந்தேவிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பார்த்துவிட்டு மறுநாளே திரும்ப வேண்டும். அன்று வேன் அக்கா தலை எண்ணுவதில் இரண்டு முறை தடுமாறினார். "அவ வீடு போய்ச் சேர இருபது நிமிஷம் டீச்சர். அப்புறம் அம்மா, அண்ணன், அண்ணின்னு ஆளாளுக்கு அவளப் பங்கு போட்டுக்குவாங்க. இந்த இருபது நிமிஷம் என்னோடது."

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு ரயிலடிக்குப் போனோம். முன்நெற்றி முடி நரைத்து, ஒற்றைப் பையோடு நின்றிருந்தாள்.

"என்னடி இப்படி இளைச்சிட்ட?"

"நீ மட்டும் என்னடி, வண்டியவிடப் பெருசாயிட்ட!"

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில், பெட்டி தூக்கிப் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

குழந்தைகளின் குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள் வாயாடி. வேன் அக்கா வண்டியைக் கிளப்பினார். "முதல்ல நீ சொல்லுடி."

"சொல்றேன்டி... இரு, எங்கேருந்து ஆரம்பிக்க..."

முதல் திருப்பம் தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தோம். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம் டீச்சர்." கொஞ்ச தூரம் போன பிறகு, "யாரும் கூப்பிடாம தூங்கி எத்தன நாளாச்சோ" என்றார். வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தார். பள்ளம் வந்த இடங்களில் வண்டி ஊர்ந்தது.

வீட்டு வாசலில் அண்ணன் காத்திருந்தார். வண்டி நிற்கும் என்று ஓரடி முன்னே வந்தார். வேன் அக்கா நிறுத்தவில்லை. ஒரு விரலை உதட்டின்மேல் வைத்து அவருக்குக் காட்டிவிட்டு, தெருமுனையில் திரும்பி, மறுபடியும் ரயிலடிப் பக்கமே ஓட்டினார்.