வேலிக்குழியில் கிடைத்த எலும்பு

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார அரசோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், மம்பா ஊரைத் தாண்டி ஆற்றோரமாக இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். கம்பம் நடக் குழி தோண்டியபோது களிமண்ணிலிருந்து ஓர் எலும்பு வந்தது. இரு முனையும் உடைந்து, கறுத்துப்போய், ஒரு சாண் நீளத்துக்கு நடுத்துண்டு மட்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

என் பெரியப்பா காணாமல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஒருநாள் காலையில் பால்வெட்டைப் பார்வையிடப் போனவர் திரும்பவில்லை. காட்டுக்குள் இருந்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவரே போய் அவர்களோடு சேர்ந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் நம்பியது இரண்டாவதை. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியம்மாவை, அதாவது என் அம்மாவின் அக்காவை, வாரம் ஒருமுறை கூப்பிட்டு, அரிசியை யாருக்குக் கொடுத்தனுப்புகிறாய் என்று விசாரிப்பார்.

எலும்பு மனிதனுடையதா என்று சொல்லும் பொறுப்பு சித்தப்பாவுக்கு வந்தது. அவர் தோட்ட ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர். மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப் அவரிடம் இருந்தது. எலும்பிலிருந்து ஒரு வில்லையை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை சாணைக்கல்லில் தேய்த்தார். ஆஸ்பத்திரியில் பாடத்துக்கென்று வைத்திருந்த மனிதக் கையெலும்பிலும், லயத்தில் யாரோ குழம்பு வைத்த உடும்பின் தொடையெலும்பிலும் அப்படியே செய்தார். இரண்டு நாளானது.

என்னையும் பார்க்கச் சொன்னார். மனித எலும்பில் சின்னச் சின்ன வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. உடும்பினுடையதில் வெட்டிய மரத்தைப் போல ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் கோடுகள். குழியில் கிடைத்ததிலும் கோடுகள்தான், பதினொன்று எண்ணினேன். இரை கிடைக்கும் காலத்தில் இந்த மாதிரிப் பிராணிகள் வளரும், கெட்ட காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும், நின்ற இடம்தான் கோடு என்றார் சித்தப்பா. ஆற்று முதலையாக இருக்கும் என்றார்.

பிற்காலத்தில், கல்லாகிப்போன ஊர்வனவற்றின் எலும்புகளை அறுத்துப் பார்ப்பதே என் வேலையானது. விரைந்து வளர்ந்தவற்றில் ரத்தக்குழாய் ஓடிய துளைகள் நிறைந்திருக்கும். மெல்ல வளர்ந்தவற்றில் கோடுகள் நெருங்கியிருக்கும். அந்த எலும்பின் கனத்தையும் கறுப்பையும் நினைத்தால், மனிதர் யாரும் அங்கே வருவதற்கு முன்பே அந்த முதலை செத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உறுதி செய்ய வழியில்லை. இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப் போய்விட்டார்.

சித்தப்பா அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அம்மா வந்தாள்.

"தம்பி, மனுச எலும்புன்னு எழுதிட்டா என்னா? அக்கா தாலிய கழட்டிட்டு ஒரு மூலையில கெடந்துட்டுப் போவும். இல்லன்னா ஆளு காட்டுக்குள்ளதான் இருக்கான்னு சொல்லி அவள புடிச்சிட்டுப் போயிருவானுங்க."

"இல்லாத சாவ நான் எப்பிடி அண்ணி எழுதிக் குடுப்பேன்?" என்றார் சித்தப்பா.

அம்மா சொன்னதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: பெரியப்பா செத்துப்போக வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். ஆத்திரத்தோடு பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அது பெரியப்பா இல்லை, முதலை என்றேன்.

"சித்தப்பா நல்லா பாத்தாரா?" என்று கேட்டாள்.

நானும் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பிழிந்த சேலையையே மறுபடி பிழிந்தாள்.

சித்தப்பா முதலை என்றே எழுதிக் கொடுத்தார். அதற்கு எட்டாம் நாள் போலீஸ் லாரி வந்தது. பெரியம்மா இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு தானாகவே ஏறினாள். திரும்பி வர இரண்டு வருடமானது. பெரியப்பாவைப் பற்றிக் கடைசிவரை தகவலே இல்லை.

லாரி போன அன்று அம்மா எங்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். சித்தப்பாவும் அங்கே இருந்தார். அந்த அழுகை எனக்குப் பொய்யாகப் பட்டது.

"நீதான பெரியப்பா சாவணும்னு சொன்ன" என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சித்தப்பாதான் எழுந்து வெளியே போனார். நான் அம்மாவைத்தானே சொன்னேன், இவர் ஏன் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.