மாராத்தாக்காவுக்கு வந்த கடிதம்

'ஃபோர்த்வித்' என்றால் உடனே. 'கூடவே' என்று பொருள்பட்டிருந்த பழைய ஆங்கிலச் சொல்தான் அப்படி ஆனதாம், நம்முடைய 'உடன்' 'உடனே' ஆனதுபோல. இன்று அலுவலகக் கடிதமொன்றில் அதைப் பார்த்ததும், எங்கள் வீட்டெதிரே இருந்து இடிபட்டுப்போன சிங்காநல்லூர் மில் தொழிலாளர் லைன் வீடுகளின் பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. மில் சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சோடு அங்கே திரும்பும் மாராத்தாக்கா, மில் மூடிய பிறகு, வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வந்த கடிதத்தை இங்கிலீஷ் மீடியத்தில் ஏழாவது படித்த என்னிடம் நீட்டியபோது, அதிலிருந்த அந்தச் சொல் தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டு, "மெதுவாக் காலி பண்ணலாமுங்கக்கா" என்றேன்.

அடுத்த வாரமே ஆட்கள் வந்து அவர் பாத்திரங்களைத் தெருவில் வைத்தார்கள்.

"ஏனுங்க, எதுத்தூட்டுக் கண்ணு படிச்சுப் பாத்துத்தானுங்க சொல்லுச்சு, தப்பா இருக்காதுங்க" என்று அக்கா அவர்களிடம் மன்றாடியது கேட்டும், அகராதி இருந்த அலமாரியை ஒட்டி, கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.