ஜீப்பில் விட்டுவந்த போன்

பதுளையில் ஒரு தேயிலைக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். ஒல்லியான உடம்பு, முழுக்கை வெள்ளைச் சட்டை. சாவுச் செய்தி சொல்லப் போகும் வீட்டுக்குள் போன் மணியடிக்கக் கூடாது என்று, அதை ஜீப்பிலேயே விட்டுவிடுவார்.

கம்பெனி லொறி கவிழ்ந்து ஓட்டுநர் இறந்த அன்று, செய்தியாளனான நானும் அவருடன் மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். ஓட்டுநரின் தாய் வாசலில் நின்றார்.

"ஒங்க கம்பெனி பேஸ்புக்ல அனுதாபம் போட்டுருச்சுங்கய்யா. பக்கத்து வீட்டுப் புள்ள காட்டுச்சு."

"நான் வந்து சொன்ன பொறகு போடுங்கன்னுதாம்மா கொழும்பு ஆபீஸ்ல சொல்லியிருந்தேன்."

"உள்ள வாங்க. நீங்க சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னார். அப்போதுதான் அந்தத் தாய் அழுதார்.

ஜீப்புக்குத் திரும்பினோம். அந்த அனுதாபப் பதிவுக்கு நல்ல வரவேற்பு என்று கொழும்பு ஆபீஸ் அவரைப் பாராட்டி போனில் செய்தி அனுப்பியிருந்தது. படித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.