மைக் அக்கா வாசித்த புத்தகம்

ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். முதல் மாடியில், தண்டவாளத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவளுடைய அறை. ஒரு மேஜை, ஒரு மைக், சத்தம் போடாத மின்விசிறி, தொண்டைக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எந்த வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டது என்று ஊருக்கே சொல்வது அவள் வேலை. சொல்லி முடித்த கையோடு மைக்கை அணைத்துவிட்டுத்தான் மூச்சே விடுவாள். அந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மைக்கை அணைக்க மறந்து, மாமியாரைப் பற்றி நிலையம் முழுக்கக் கேட்கும்படி பேசிய ஒருவர் அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்திருக்கிறார்.

அந்தக் குரலை இனிமையானது என்று யாராவது சொன்னால் அது முகஸ்துதி. தெளிவான குரல், ஆனால் உப்புச்சப்பில்லாத குரல். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்பதையும் இன்றைக்கு வரவே வராது என்பதையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். வேண்டுமென்றே பழகிக்கொண்டது அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாமத அறிவிப்பைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிப் பார்த்தாள். கீழே இருந்தவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்து, அலறிப் புடைத்துக்கொண்டு விசாரணைக் கவுண்டருக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து வருத்தத்தையும் சந்தோஷத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதென்று முடிவு செய்தாள்.

வினை என்னவென்றால், நாளடைவில் வீட்டிலும் அவற்றைத் தேட வேண்டியதாகிவிட்டது. போன வருஷம் அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த அண்ணன். தினமும் மத்தியானச் சாப்பாட்டை அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் போன பிறகு சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் செய்து தகவல் சொன்னதும் அவள்தான்.

"என்னம்மா இது, வண்டி வந்து நிக்குதுங்கற மாதிரி சொல்றே!" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார்.

அவள் என்ன செய்வாள்? அழுகை வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து, எல்லோரும் ஊருக்குப் போன பிறகும் வரவில்லை. நான் மனுஷிதானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

இப்போது பரிசுக் கதைக்கு வருவோம். வருஷா வருஷம் அந்த ஊரில் மூன்று பெரிய பரிசுகள் உண்டு. பத்திரிகைத் துறைக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. மூன்றையும் ஒரே மேடையில் கொடுப்பார்கள். பரிசு அறிவிக்கும்வரை எழுத்தாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அறிவித்த பிறகு பேச மாட்டார்கள். இலக்கிய நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. பயங்கர கறார். பரிசுக்கு வந்த நாவல்கள் பெட்டி பெட்டியாக அவர் வீட்டில் வந்து இறங்கிய சமயம் பார்த்து, கண்ணில் அவசரமாக ஓர் அறுவை சிகிச்சை. பல மாதத்துக்கு எழுத்தைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலகிக்கொள்கிறேன் என்றவரைக் குழுத் தலைவர் விடவில்லை. யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், வாசிப்பவர் வெளியே மூச்சு விடாமல் இருந்தால் போதும் என்றார்.

முதலில் பேராசிரியையின் மருமகள் வாசித்தாள். கதையில் கிழவர் வந்தால் இருமினாள், குழந்தை வந்தால் கொஞ்சினாள். படுமோசமான நாவல்கூடப் பிரமாதமாகக் கேட்டது. அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, பழைய சகா ஒருவரைக் கூப்பிட்டார். அவர் பிடிக்காத வரி வந்தபோதெல்லாம் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் பேராசிரியைக்கு, கல்லூரிக்கு ரயிலில் போய்வந்த அத்தனை வருஷமும் காதில் விழுந்த ஒரு குரல் ஞாபகம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகன் கையைப் பிடித்தபடி, ரயில் நிலைய மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே மாதிரி சொல்ற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

"அதை எல்லாரும் குறையால்ல மேடம் சொல்வாங்க!" என்றாள் மைக் அக்கா.

"அவங்கல்லாம் நடுவர் இல்லையே."

அப்படி ஆரம்பித்தது. காலை ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா நேராகப் பேராசிரியை வீட்டுக்குப் போவாள். வெளிச்சம் படக்கூடாதென்று திரையை இழுத்துவிட்ட முன்னறை. சாய்வு நாற்காலியில் பேராசிரியை. விளக்கடியில் அக்கா. எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்க ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டு, மேலே தலைப்பை மட்டும் எழுதியிருந்தார்கள். அக்கா வாசிப்பாள். கொலை நடந்தாலும் கல்யாணம் நடந்தாலும் அவள் குரலில் எல்லாம் மூன்றாவது நடைமேடைக்கு வந்து நிற்கும். பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பார். சில புத்தகங்களுக்கு அந்த "ம்" கூடக் கிடைக்காது.

ஒருநாள் 'பார்வையாளர் நேரம்' என்ற நாவல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நிற்கும் ஒருவரின் கதை. உள்ளே இருக்கும் நோயாளிகளுக்கு வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை வாங்கி அனுப்புவது அவர் வேலை. ஒரு தங்கை தினமும் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். அண்ணன் பாதிக்கு மேல் தொடுவதில்லை. மீதி அப்படியே திரும்பி வருகிறது. ஒரு நாள் விடிகாலையில் அண்ணன் இறந்துவிடுகிறார். சேதி போய்ச் சேருவதற்குள் மத்தியானம் தங்கை சாப்பாட்டோடு வந்து நிற்கிறாள். காவல்காரருக்குச் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். சற்று நேரம் கழித்துக் கழுவிய டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்கிறார். தங்கை திறந்து பார்க்கிறாள். "அட, இன்னிக்கு எல்லாத்தையும் சாப்பிட்டுட்டானே!" என்று முகமெல்லாம் சிரிப்பாக...

அதற்கு மேல் மைக் அக்காவுக்குக் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். உடைந்துவிட்டது. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள்.

பேராசிரியை எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் சொன்னார்.

"இந்தப் புத்தகத்தை ஒதுக்கி வெச்சிடுங்க."

"ஏன் மேடம்? நல்லாத்தானே இருக்கு!"

"இப்ப எனக்கு மனசு என்னவோ பண்ணுது. பண்ணினது புத்தகமா, உங்க அழுகையான்னு எனக்குத் தெரியல. மத்த புத்தகத்துக்கெல்லாம் உங்க அழுகை கிடைக்கலையே. இதுக்கு மட்டும் கிடைச்சா அது நியாயமா?"

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தவள் இன்னும் அழுதாள். அண்ணனுக்காக அழுதாள். வரவே வராது என்று கைவிட்டிருந்த அழுகை, மொத்தமாகச் சேர்ந்து வந்தது. அழ அழ நெஞ்சு லேசானது. யாரென்றே தெரியாத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கம் இதைச் செய்திருக்கிறது. அந்த மனுஷருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் அவள் செய்த கைம்மாறு என்ன? அவருடைய புத்தகத்தைப் போட்டியிலிருந்தே தூக்கி வைத்தாயிற்று.

வேலையிலிருந்து வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எது சிக்கிக்கொண்டாலும் பதறாத மனிதர். மனைவி அழுது பார்த்ததில்லை என்பதால் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா ஆச்சு? வேலை போயிடுச்சா?"

"இல்லீங்க. அண்ணன் ஞாபகம்."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று விழித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அழு. நல்லா அழு," என்றார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த அக்காவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

மறுநாள் பேராசிரியையிடம் போய் நின்றாள். "மேடம், அந்தப் புத்தகத்தை வேற ஒருத்தர் முதல்லேருந்து வாசிக்கட்டும். என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன்."

"அவர் கதையெல்லாம் படிப்பாரா?"

"லிஃப்டோட வர்ற கையேடு படிப்பாரு. அவர் வாசிச்சா யாருக்கும் அழுகை வராது மேடம். தூக்கம் வேணா வரும்."

பேராசிரியை சிரித்தது அன்றுதான் முதல் முறை. "தூங்கிட்டேன்னா அதோட புத்தகமும் அவுட். சம்மதமா?"

அக்கா சம்மதம் என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லை. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கணவரும் சத்தியம் செய்து கொடுத்தார். அக்காவின் பெருமூச்சுகூடக் காதில் விழக்கூடாதென்று பேராசிரியை அவளைச் சமையலறையில் உட்காரச் சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐயோ, அந்த வாசிப்பு! விரலை வரிக்கடியில் வைத்து நகர்த்தி, நீளமான வார்த்தை வந்தால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, பக்கம் திருப்பும்போதெல்லாம் பக்க எண்ணையும் சேர்த்து வாசித்தார் மனிதர். யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று எந்த வித்தியாசமும் இல்லை. உயிரோடு இருக்கும் புத்தகத்தைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. பாவி, நானே இவரைக் கூட்டிவந்தேனே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படியே சில நாள் போயிற்று. ஒருநாள் அந்த இடம் வந்தது. தங்கை டப்பாவை நீட்டினாள். காவல்காரர் வாங்கிக்கொண்டு போனார். கழுவிய டப்பா திரும்பி வந்தது. கணவர் எல்லாவற்றையும் போலத்தான் அதையும் வாசித்தார். "இன்னிக்கு எல்லாத்தையும் சாப்பிட்டுட்டானே" என்பதை, இரண்டாவது மாடி என்று சொல்வது போலச் சொன்னார். பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அடுத்த பக்கத்தின் எண் வரவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்தத் தங்கச்சிக்கு அப்புறம் யாரு சொல்லுவா? இந்த ஆளே சொல்லிடுவாரா?"

வெகுநேரம் முன்னறையிலிருந்து பதிலே வரவில்லை. தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று அக்காவுக்கு உயிரே போயிற்று.

"தெரியலைங்க," என்றார் பேராசிரியை கடைசியில். "எனக்கும் தெரியணும். சீக்கிரம் வாசிங்க."

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் அழுத்தக்காரியான அந்த அம்மாள் கதவைச் சாத்திவிடுவார் என்று தெரியும். மற்ற நாவல்களை அக்காவே வாசித்து முடித்தாள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டிகளைச் சொல்லும்போது, அந்தப் புத்தகம் மட்டும் எந்த வண்டியில் வருகிறதென்று தெரியவில்லையே என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

விழா நாளன்று பேராசிரியை அவர்கள் இருவரையும் கூடவே அழைத்துப் போனார். பெரிய அரங்கம். யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த கோட்டில் கணவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். முதலில் பத்திரிகைப் பரிசு. ஊர் குடிதண்ணீரில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று குழாய் குழாயாகத் தேடிப் போய் எழுதிய ஒரு நிருபருக்கு. பிறகு இசைப் பரிசு. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்கென்றே மெட்டமைத்த ஒரு வாத்தியாருக்கு. அவர் மேடையில் பேசத் தெரியாமல் இரண்டு வரி பாடிவிட்டு இறங்கினார். கடைசியில் இலக்கியம். பேராசிரியை தடித்த கண்ணாடியோடு மைக்குக்கு வந்தார். உறையைப் பிரித்து, தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் சின்ன எழுத்து தெரியல. எனக்காக வாசிச்சவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களே வந்து வாசிப்பாங்க."

அக்கா எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. எதிரே மைக். மைக்கைப் பார்த்ததும் வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்ட சிலர் கை தட்டினார்கள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். "இந்த ஆண்டின் இலக்கியப் பரிசு..." அடுத்த வார்த்தை கண்ணில் பட்டது. 'பார்வையாளர் நேரம்.'

வாசித்தாள். எப்படியோ தலைப்பை வாசித்துவிட்டாள். கீழே நடுவர்கள் எழுதியிருந்தது இன்னும் இருந்தது: கழுவித் திருப்பிக் கொடுத்த ஒரு டப்பாவில் ஒரு மனிதனின் இரக்கம் முழுவதையும் வைத்துக் காட்டிய நாவல். டப்பா என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவள் பதறிப்போய்ப் பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். பேராசிரியை கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"தீர்ப்பு சொல்லியாச்சு. இனிமே அழலாம்."

அக்கா அழுதுகொண்டே கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அதற்குள் எழுதியவர் மேடை ஏறி வந்துவிட்டார். அவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வந்தவரின் இரண்டு கைகளையும் பரிசு வாங்கவிடாமல் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணனுக்கு நான் அழவே இல்லைம்மா. ஒரு வருஷமா அழவே இல்லை. நீங்கதான் அழ வெச்சீங்க. ரொம்ப நன்றிம்மா."

அவர் காதுக்கு மட்டும் என்றுதான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.