செருப்பில்லாத காலும் என் ஹாலி வேலியும்

போன பௌர்ணமி. மாலை நாலு மணி. என் வீட்டு கேட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் ரத்தப் பொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று... கிரிவலம் போகிற கூட்டத்துக்குள் வரிசையாகப் போனது.

யாருடைய ரத்தம்? தெரியாது. யாரால்? அது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னால்.

என் வீடு செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையிலேயே. கேட்டை மறித்து பைக் நிறுத்திவிட்டு காபி குடிக்கப் போகிறவர்களை இதே பக்கத்தில் எழுதி எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்? 'நிறுத்தாதீர்கள்' என்று போர்டு வைத்தேன். அந்த போர்டிலேயே ஹெல்மெட்டை மாட்டினார்கள்.

அந்தக் கடுப்பில்தான் பெங்களூர் நர்சரியில் ஹாலி செடி வாங்கினேன். கிறிஸ்துமஸ் கார்டில் சிவப்புப் பழத்தோடு இருக்குமே, அந்த இலை. குட்டை ரகம். இடுப்புக்கு மேல் வளராது, வருஷம் முழுக்கப் பச்சை, இலை ஓரமெல்லாம் முள். உங்க ஊர் வெயில் தாங்காது என்றார் நர்சரிக்காரர். தாங்க வைத்தேன். சுவருக்கு வெளியே, கேட்டை ஒட்டி, வேப்பமர நிழலில் ஆறு செடி. செம்மண்ணோடு மக்கிய எரு, வேரைச் சுற்றி வைக்கோல், கோடையில் இரண்டு வேளைத் தண்ணீர். இரண்டு கருகிப்போனது. நாலு பிழைத்து, மூன்று வருஷத்தில் முட்டி உயரம் வந்தது.

பௌர்ணமியன்று காலை, கூட்டம் வருவதற்குள் வாசல் லட்சணமாக இருக்கட்டும் என்று செடியைக் கத்தரித்தேன். வெட்டியதைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். பகலெல்லாம் வெயிலில் காய்ந்தது. காற்று அதை ரோட்டில் பரப்பியது. கிரிவலம் வெறுங்காலில் நடப்பது. இருபது வருஷமாக இந்த ரோட்டில் இருக்கிற எனக்கு இது தெரியாதா?

ரத்தத்தின் பின்னால் ஓடினேன். அறுபது வயதுப் பெண்மணி, கூடவே மகள். அந்த அம்மா நொண்டவில்லை. சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மகளிடம் ரத்தத்தைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு சுகருங்க. கால்ல குத்தினாக்கூடத் தெரியாது. போன வருஷம்தான் ஒரு விரல எடுத்தாங்க."

பௌர்ணமிக்கு ரோட்டில் ஆட்டோ கிடையாது. கூட்டிவந்து கேட் படியில் உட்கார வைத்தேன். குதிகாலில் இரண்டு இலை ஒட்டியிருந்தது. ஒரு முள் உள்ளே ஒடிந்து நின்றது. மகள் போன் லைட்டைப் பிடிக்க, நான் இடுக்கியால் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த அம்மா வேடிக்கை பார்க்கிறார். நாலாவது தடவைதான் வந்தது.

காலைக் கழுவித் துணி சுற்றினேன். மருத்துவ முகாம் கொஞ்ச தூரத்தில்தான். அதுவரைக்குமாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று என் செருப்பைக் கொடுத்தேன். தொடக்கூட இல்லை. கட்டுப் போட்டுவிட்டு மீதி மலையையும் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். மகள் கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் கட்டு போட்டதும் வீடு என்று ஒத்துக்கொண்டார்.

எழுந்தவர் வேலியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா இந்தச் செடி?"

பைக் நிறுத்தாமல் இருக்க என்றேன்.

"பைக்குல வர்றவன் ஷூ போட்டுக்கினு இல்ல வரான்?"

கோபமே இல்லாமல் கேட்டார். வேலி வந்த பிறகும் டயரால் செடியை அழுத்தி பைக்கை நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மகளிடம் என் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த எட்டு நாளும் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தேன். நேற்று அந்த மகள் கூப்பிட்டாள். காயம் ஆறிவிட்டதாம்.

ஹாலி நல்ல செடிதான். வளர்க்கலாம், ஆனால் யார் காலும் படாத இடத்தில். என்னுடைய நாலையும் வேரோடு பெயர்த்துப் பின்பக்கம் நட்டிருக்கிறேன். பிழைக்குமா, தெரியாது.

இதை எழுதும்போது வாசலில் மூன்று பைக் நிற்கிறது. நிற்கட்டும்.